தெருமுனையோடு நின்றவர்கள்

“வெட்டியான் வேலையா? என் வூட்டு மருமவளா?”

“அம்மா, மெதுவா பேசு. அது வெளையாட்டு.”

“எதுடா வெளையாட்டு? டீக்கடை பெஞ்சுல சவுரியப்பன் பக்கத்துல குந்திக்கிட்டு, குழி எப்பிடி வெட்டுவீங்க, ஆளை எப்பிடி எறக்குவீங்கன்னு கேட்டாளாமே, அதுவா வெளையாட்டு? ஊரே பாத்திருக்குது!”

“ஊரு பாக்கலை. கோவிந்தம்மா பெரிம்மா பாத்தாங்க.”

“ரெண்டும் ஒண்ணுதான்!”

தீர்த்தம்மாள் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியாது. நல்லம்பள்ளியில் அந்தத் தெருவைப் பொறுத்தவரை கோவிந்தம்மாள் ஒருத்தி பார்த்துவிட்டால் போதும். மற்றவர்கள் கண்ணைத் திறந்து சிரமப்பட வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. தீர்த்தம்மாளின் கையில் பாதி தலை கிள்ளிய நெத்திலிக் கருவாடு. எதிரே, வாயெல்லாம் பற்பசை நுரையோடு இளைய மகன் அருண்குமார். வாசலில் செய்தித்தாளை விரித்து, படிக்காமல், அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த கணவர் தீர்த்தகிரி. புழக்கடையில் துவைக்கிற கல்லில் விழுந்துகொண்டிருந்த அடிச்சத்தம் ‘மருமவளா’ என்ற சொல்லோடு நின்றுபோயிருந்தது. பாஞ்சாலி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். கேட்கட்டும் என்றுதான் தீர்த்தம்மாளும் கத்தினாள்.

வாரம் தவறாமல் இந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. இந்த வாரம்தான் முதல்முறையாகக் கழுத்தை நீட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. இவர்களுடைய மூத்த மகன் மாதவராஜ் போன வருஷம் தொப்பூர் கணவாயில் லாரியில் அடிபட்டு இறந்துபோனான். தலை தீபாவளி முடிந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. அவன் மனைவி பாஞ்சாலி, பிறந்த வீட்டுக்குத் திரும்பாமல் இங்கேயே இருந்துவிட்டாள்.

அரூரில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் மாது, திருவண்ணாமலைப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறான். மனைவியை இழந்தவர், அரசாங்க வேலை, பரம சாது. “வருஷம் திரும்பட்டும் மாது” என்று தீர்த்தம்மாள் தள்ளிக்கொண்டே வந்தாள். வெள்ளிக்கிழமையோடு வருஷம் திரும்பிவிட்டது. படையலும் போட்டாயிற்று. இன்று சாயங்காலம் பதில் கேட்க மாது வருகிறான்.

பதில் தீர்த்தம்மாளிடம் தயாராகத்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பதுதான் தொல்லை. பாஞ்சாலி போகக் கூடாது. அவ்வளவுதான் பதில்.

மருமகள் மேல் அப்படியொரு பாசமா என்று கேட்டால், தெருவில் யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். ரசத்தில் உப்பு, வாசலில் கோலம் என்று இருவருக்கும் நடக்காத சண்டை இல்லை. ஆனால் மாதவராஜ் என்று பேரை எடுத்தாலே தீர்த்தகிரி எழுந்து தக்காளித் தோட்டத்துக்குப் போய்விடுவார். அருண்குமார் போனைக் கையில் எடுத்துவிடுவான். எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்கிற ஆள் அந்த வீட்டில் பாஞ்சாலி ஒருத்திதான். அவளும் போய்விட்டால் அந்தப் பேரை யாரிடம் சொல்வது?

“வாயக் கொப்புளிச்சுட்டு வந்து சொல்லு” என்றாள் தீர்த்தம்மாள். “அந்த எழவெடுத்த ஆட்டத்துல அவளுக்கு என்னா வேலை குடுத்திருக்கறே?”

அந்த ஆட்டத்தைப் பற்றித் தெருவில் பல கட்சிகள் உண்டு. பகடை உருளுவதால் சூதாட்டம் என்பது ஒரு கட்சி. காகிதமும் பென்சிலும் இருப்பதால் ஜோசியம் என்பது இன்னொரு கட்சி. விஷயம் அத்தனை சுவாரசியமானது அல்ல. அருண்குமார் பெங்களூரில் வேலை பார்த்தபோது அறை நண்பர்களிடம் கற்றுக்கொண்டு வந்த ஆட்டம் அது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி ஆடுவது. இல்லாத ஒரு நாடு, அதில் பனிமலை, பூதம், மந்திரம். ஆளுக்கொரு வேஷம். கதையை நடத்துகிறவன் அருண்குமார்.

மாதவராஜ் இருந்தவரை ஞாயிறு தவறாமல் மொட்டைமாடி அறையில் நடந்தது. அவன் போனதும் நின்றது. கார்த்திகை வாக்கில் மறுபடி தொடங்கியது. தொடங்கியபோது, அண்ணன் உட்கார்ந்த நாற்காலியில் அண்ணி வந்து உட்கார்ந்தாள்.

“நான் ஒண்ணும் குடுக்கலைம்மா. அவங்களே கேட்டு வாங்குனது” என்றான் அருண்குமார். “கத்தி வெச்சிருக்கறவன் ஒரு நாள் சண்டை போடுவான். மத்த நாளெல்லாம் எதைத் தின்னுவான்? அதனால ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு பொழப்பு கட்டாயம் இருக்கணும். சண்டைக்குச் சம்பந்தமில்லாத ஒரு தொழில். சோஹைல் கப்பல் மாலுமி.”

“தையக்கடை ஜமீர் பாயி மவனா? அவன் கடலையே பாத்ததில்லையேடா.”

“அதான் எடுத்துக்கிட்டான். அண்ணன் சமையக்காரன்.”

தீர்த்தம்மாளுக்கு ஒரு கணம் வாய் மூடவில்லை. சொம்பில் தண்ணீர் மொண்டு குடிக்கக்கூடக் குரல் கொடுக்கிறவன் மாதவராஜ். அவன் சமையல்காரனாம். சிரிப்பு வரப் பார்த்தது. வந்தால் பின்னால் வேறொன்றும் வரும் என்று கருவாட்டின் தலையை நறுக்கென்று கிள்ளினாள்.

“அண்ணிக்கு நான் வைத்தியம் சொன்னேன், நெசவு சொன்னேன், தேன் எடுக்கறது சொன்னேன். எதுவும் வாணாம்னுட்டாங்க. குழி வெட்டறதுதான் வேணும்னாங்க. தொழில் தெரியும்னு சும்மா சொன்னா எங்க ஆட்டத்துல செல்லாது. எப்பிடிச் செய்யறேன்னு வாயால சொல்லணும். சொன்னாத்தான் பகடையைத் தொடலாம். போன வாரம் அவங்களால சொல்ல முடியலை.”

“அதுக்குன்னு சவுரியப்பங்கிட்ட போயி கேப்பாளா?”

புழக்கடையில் துணி அடிக்கும் சத்தம் மறுபடி தொடங்கியது. முன்னைவிட ஓங்கி.

செத்த பிறகு ஊரில் முக்கால்வாசிப் பேர் சவுரியப்பன் கையால்தான் மண்ணுக்குள் இறங்க வேண்டும். உயிரோடு இருக்கும்வரை அவர் உட்கார்ந்த பெஞ்சில் உட்காரக் கூடாது. இந்த ஏற்பாட்டில் தெருவுக்கு இதுநாள்வரை ஒரு குறையும் தெரியவில்லை. பால் பாக்கெட் வாங்கப் போன பாஞ்சாலி அந்த பெஞ்சில் உட்கார்ந்து, டீயும் வாங்கிக் குடித்து, நெடுநேரம் பேசியதுதான் குறை.

வைத்த வெடி எப்படி வெடித்தது என்று பார்க்கக் கோவிந்தம்மாள் கொஞ்ச நேரத்தில் தானே வந்தாள். கேட்டது கறிவேப்பிலை.

“காலையிலயே சத்தமா இருந்துச்சே தீர்த்தம்மா? நான் ஏதோ மனசு கேக்காம சொன்னேன். நீ பாட்டுக்கு அந்தப் புள்ளையப் போட்டுத் திட்டிறாதே.”

அந்த இடத்தில்தான் தீர்த்தம்மாளுக்கு அந்த யோசனை வந்தது. கொல்லைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, உன் கால்ல வுழறேன். ஊருல எங்க வேணாலும் போவட்டும். அரூர்ல அந்த மாது காதுக்கு மட்டும் இது போயிறக் கூடாது. சம்பந்தம் பேசிக்கிட்டிருக்காங்க. திருவண்ணாமலைக்காரங்க ரொம்ப ஆச்சாரம் பாக்கறவங்களாம். இது தெரிஞ்சா அந்த எடமே அந்துபோயிரும்.”

“சேச்சே! என்னா பேச்சு பேசறே? எனக்கென்ன வேற வேலையில்லையா?”

கறிவேப்பிலையை மறந்துவிட்டே போனாள் கோவிந்தம்மாள். அவளுடைய தங்கையை அரூரில்தான் கொடுத்திருக்கிறது. மாதுவின் மண்டிக்கு நேரெதிர் வீடு. இது தீர்த்தம்மாளுக்குத் தெரியாமல் இருக்கும் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்குத் தீர்த்தம்மாளைத் தெரியாது.

பேச்சு பஸ்ஸைவிட வேகமாகப் போகும். திருவண்ணாமலை இடம் தானாகவே கலையும். பாஞ்சாலி இங்கேயே இருப்பாள். யாரும் யாரையும் ‘போகாதே’ என்று கெஞ்ச வேண்டியதில்லை.

மதியம் களி கிண்டும்போது தீர்த்தம்மாள் மருமகளிடம் நல்லபடியாகவே பேசினாள். “காரம் பத்துதா பாரு” என்று குழம்பைக் கரண்டியில் எடுத்து நீட்டினாள். பாஞ்சாலி உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்து, “சரியா இருக்குது அத்தை” என்றாள். காலையில் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் கண் மட்டும் வீங்கியிருந்தது.

சாப்பாடு முடிந்த கையோடு சோஹைல் வந்தான். அவன் அம்மா ரஹமத் பீவி கொடுத்தனுப்பிய பிரியாணித் தூக்கை அடுக்களையில் வைத்துவிட்டு, “அம்மா, நல்லாருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டே மாடிக்குப் போனான். பின்னாலேயே அருண்குமார். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பாஞ்சாலி.

படியேறப் போனவள் திரும்பி நின்றாள்.

“அத்தை, இன்னைக்கு ஒரு நாளு மட்டும். அண்ணன் வர்றதுக்குள்ள எறங்கி வந்துடறேன்.”

“போ போ” என்றாள் தீர்த்தம்மாள், தாராளமாக.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. மாது.

“அத்தை, என்னா நடக்குது உங்க வூட்ல? என் தங்கச்சி வெட்டியாங்கூடப் போயி குந்தியிருக்குதாம். குழி வெட்டப் போவுதாம். மண்டியில ஆளுங்க மொகத்துல முழிக்க முடியலை எனக்கு.”

“மாது, அது வந்து…”

“நீங்க ஒண்ணும் சொல்ல வாணாம். பஸ் ஏறிட்டேன். தருமபுரி தாண்டிட்டேன். துணிமணியெல்லாம் எடுத்து வெக்கச் சொல்லுங்க. இன்னைக்கே கூட்டிக்கிட்டுப் போறேன். அவங்களுக்குத் தெரியறதுக்குள்ள கோயில்ல வெச்சுத் தாலியக் கட்டி முடிச்சுடணும்.”

போன் அணைந்தது.

வம்பைக் கிளப்பத் தெரிந்த தீர்த்தம்மாள் ஒன்றை மறந்துவிட்டாள். பையனைப் பற்றிப் பேச்சு வந்தால் கல்யாணம் தள்ளிப்போகும். பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால் கல்யாணம் முந்திக்கொள்ளும். இத்தனை வருஷம் இதே தெருவில் குடியிருந்து, எத்தனையோ வீட்டில் பார்த்தும், தன் வீட்டுக்கென்று வரும்போது புத்தி வேலை செய்யவில்லை.

கால் தன்பாட்டில் மாடிப்படிக்குப் போனது. பாஞ்சாலியிடம் சொல்ல வேண்டும். என்ன சொல்வது? உன் அண்ணன் வருகிறான், துணியை எடுத்து வை என்றா? நான்தான் வரவழைத்தேன் என்றா?

மேல்படியில் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அருண்குமாரின் குரல். வீட்டில் பேசுகிற குரல் இல்லை அது. கோயிலில் பாரதக் கதை படிப்பவர்களுக்கு வருமே, அந்த மாதிரிக் குரல்.

“பனி நின்னுடுச்சு. மலை மேல ஒரு சத்தமும் இல்லை. வண்டியில கொற்றவேல் படுத்திருக்கான். கணவாயில உங்களையெல்லாம் தாண்டிப் போவச் சொல்லிட்டு, அவன் மட்டும் நின்னானே, அதே சட்டை. எத்தினி ஊரு தாண்டி இழுத்துக்கிட்டு வந்துட்டீங்க. மாலுமி மஸ்தான், நீ என்னா பண்றே?”

“நான் லாந்தர் புடிச்சுக்கிட்டு நிக்கறேன்” என்றது சோஹைலின் குரல். “வேற எதுவும் எனக்குத் தெரியாது.”

கொற்றவேல் யார் என்று தீர்த்தம்மாளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. மாதவராஜ் போட்ட வேஷம். சமையல்காரன். அண்ணன் செத்துப்போன பிறகு அண்ணனுடைய வேஷத்தையும் கதைக்குள் சாகடித்தவர்கள், அதை அடக்கம் செய்ய மட்டும் மனம் வராமல், வாரக்கணக்கில் வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“செங்கா? நீங்க?”

“நான் வெட்டறேன்.” பாஞ்சாலியின் குரல். ஆட்டத்தில் அவள் பேர்தான் செங்கா.

“மண்ணு ஒறைஞ்சு கெடக்குது அண்ணி. போன வாரம் மண்வெட்டி எகிறிடுச்சு.”

“மொதல்ல நெருப்புப் போடறேன். ஆள் நீளத்துக்கு. தணல் அடங்குனதும் சாம்பலை ஒதுக்கிட்டு வெட்டறேன். மேல் மண்ணை ஒரு பக்கம் போடறேன், அடி மண்ணை ஒரு பக்கம். ரெண்டையும் கலக்க மாட்டேன்.”

“எதுக்கு?”

“மேல் மண்ணுல கல்லு இருக்கும். மூடறப்ப மொதல்ல அடி மண்ணுதான் போவணும். அது மெத்துனு இருக்கும்.”

“தலை?”

“தெக்க.”

“யாரு எறக்கறது?”

“நான் உள்ள எறங்கி நிக்கறேன். மேலேர்ந்து கயித்துல வுட்டா தலை இடிக்கும். உள்ள ஒருத்தரு நின்னு கையில வாங்கணும். மஸ்தான் காலைப் புடிச்சுக் குடுக்கட்டும். நான் தலையை வாங்கறேன். புள்ளை தலையைத் தாங்கற மாதிரி கழுத்துக்குக் கீழ கையக் குடுத்து வாங்கறேன்.”

சோஹைல் மூக்கை உறிஞ்சினான். அருண்குமாரின் கோயில் குரலைக் காணோம்.

“அப்புறம்… அண்ணி?”

“மொத மண்ணை மொகத்துல போட மாட்டேன். கால்மாட்டுலேர்ந்து தள்ளிக்கிட்டு வருவேன். மொகம் கடைசி.”

தீர்த்தம்மாள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

போன வருஷம் அந்த நாளில் பறை முன்னே போக, மாதவராஜ் தெருமுனைத் தண்ணீர்த்தொட்டி வரை பெண்களோடு போனான். அதற்கப்பால் ஆண்கள் மட்டும். அதுதான் வழக்கம். அங்கே போட்டு உடைத்த பானையைத் தாண்டி ஓடப் பார்த்த பாஞ்சாலியின் கையை இறுக்கிப் பிடித்து நிறுத்தியது வேறு யாருமில்லை, தீர்த்தம்மாள்தான். “பொம்பளைங்க போவக் கூடாது கண்ணு” என்று சொன்னதும் அவள்தான். சொல்லும்போது அவளுடைய காலும் போகத்தான் துடித்தது.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஆண்கள் திரும்பி வந்தார்கள், வாசலில் கால் கழுவினார்கள், ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. பெற்று, குளிப்பாட்டி, தலை நிற்காத காலத்தில் கழுத்தில் கை கொடுத்துத் தூக்கிய பிள்ளையை எப்படி வைத்தார்கள், எந்தப் பக்கம் பார்த்து வைத்தார்கள், முகத்தில் யார் மண் போட்டது. ஒரு வருஷமாக அரிசி களையும்போதும் விளக்கு ஏற்றும்போதும் அந்தக் கேள்வி கூடவே இருந்தது. கேட்டால் புருஷன் எழுந்து தோட்டத்துக்குப் போவார்.

“பகடையப் போடுங்க அண்ணி” என்றான் உள்ளே அருண்குமார்.

“போடாதே.”

கதவைத் தள்ளிக்கொண்டு தீர்த்தம்மாள் நின்றாள். மூவரும் எழுந்துவிட்டார்கள். சோஹைல் அவசரமாகக் கண்ணைத் துடைத்தான். இன்றோடு ஆட்டம் முடிந்தது, மேசை மாடியிலிருந்து பறக்கப்போகிறது என்று அருண்குமார் பென்சிலையெல்லாம் பொறுக்க ஆரம்பித்தான்.

“அவனுக்கும்…” என்றாள் தீர்த்தம்மாள். “அவனுக்கும் அப்பிடித்தான் செஞ்சாங்களா?”

பாஞ்சாலி அவளையே பார்த்தாள். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

“அப்பிடித்தான் அத்தை. சவுரியப்பன் அண்ணனே உள்ள நின்னு தலையக் கையில வாங்குனாராம். ‘இடிக்கலை தாயி, பயப்படாதே’ன்னு சொன்னாரு. மாமா தோள் துண்டை எடுத்து மொகத்து மேல விரிச்சாராம். விரிச்சுட்டு, மண்ணு போட வுடாம ரொம்ப நேரம் நின்னாராம். அப்புறம் அவரே மொதக் கை அள்ளிக் கால்மாட்டுல போட்டாராம்.”

துண்டு. அன்றைக்குத் தீர்த்தகிரி வெறுந்தோளோடு வந்தார். காரியம் முடிந்த பிறகு ஒரு நாள், புதுத் துண்டை எங்கே தொலைத்தீர்கள் என்று தீர்த்தம்மாள் அவரைக் கேட்டாள். கேட்டதோடு விடவில்லை, ஒரு பொருளைக் காப்பாத்தத் துப்பில்லை என்று நன்றாகவே திட்டினாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

“ஏண்டி, என்னைக் கேட்டிருக்கலாமில்லை? அவங்கிட்ட போயி கேக்கணுமா?”

“உங்களை என்னான்னு கேக்கறது அத்தை? நீங்களும் என்னோடதானே நின்னீங்க.”

தீர்த்தம்மாள் அங்கே கிடந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசையில் கிடந்த பலபக்கப் பகடையைப் பார்த்தாள்.

“சரி, போடு.”

பாஞ்சாலி உருட்டினாள். என்ன விழுந்தது என்று தீர்த்தம்மாள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எது நல்லது எது கெட்டது என்று அவளுக்குத் தெரியாது. அருண்குமார் குனிந்து பார்த்துவிட்டு, “முடிஞ்சுது அண்ணி. நல்லபடியா வெச்சுட்டீங்க” என்றான். அதற்குமேல் அவனாலும் கதை நடத்த முடியவில்லை.

கீழே கேட் படாரென்று திறந்தது.

“பாஞ்சாலி!”

மாது வந்துவிட்டான். அவனுக்குப் பின்னால், எதிர்வீட்டு வாசலில் காலையிலிருந்து கூட்டிய இடத்தையே கூட்டிக்கொண்டிருந்த கோவிந்தம்மாளும் துடைப்பத்தோடு கேட் வரை வந்துவிட்டாள்.

“துணிமணி எடுத்து வெச்சியா இல்லையா?” மாது முற்றத்தில் நின்று கத்தினான். “எங்கப்பன் பேரு என்னா, பரம்பரை என்னா! வெட்டியாங்கிட்டத் தொழில் கத்துக்கறியா நீ? நட. இனிமே ஒரு நிமிசம் இந்த வூட்ல இருக்கக் கூடாது.”

பாஞ்சாலி கடைசிப் படியில் நின்றாள். பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தீர்த்தம்மாள் அவளை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அவளை எதுக்குத் திட்டறே மாது? நாந்தான் போவச் சொன்னேன்.”

துடைப்பம் கீழே விழுந்த சத்தம் கேட் பக்கம் கேட்டது.

“அத்தை… நீங்களா?”

“ஆமா, நாந்தான். என் புள்ளைய எப்பிடி வெச்சாங்கன்னு எனக்குத் தெரியணும். எங்களைத்தான் தெருமுனையோட நிறுத்திடறீங்களே. போன ஆம்பளைங்க வந்து சொன்னாத்தானே? நான் போயி கேட்டா ஊரு சிரிக்கும். அதான் அவளை அனுப்புனேன். எதாவது சொல்றதுன்னா என்னைச் சொல்லு.”

காலையில் அத்தனை கத்தல் கத்திய வாய் இது. தெருவுக்கே கேட்டது. மாதுவைத் தவிர அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது பொய்யென்று தெரியும். நாளைக்குக் காலையில் பால்காரர் வருவதற்குள் தன் பேர் எப்படியெல்லாம் உருளும் என்பதும் தீர்த்தம்மாளுக்குத் தெரியும். இத்தனை நாள் மற்றவர் பேரை உருட்டியவள் அல்லவா?

மாது உதவிக்கு வாசல் பக்கம் திரும்பினான். “மாமா, நீங்களாவது…”

தீர்த்தகிரி செய்தித்தாளை மடித்தார். எழுந்து தோட்டத்துக்குப் போகப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் போகவில்லை.

“நான் சொல்லியிருக்கணும்” என்றார். “வந்த அன்னைக்கே ரெண்டு பேருங்கிட்டயும் சொல்லியிருக்கணும். எனக்கு வாய் வரலை.”

மாது செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தான். குரல் இறங்கியிருந்தது.

“சரிங்கத்தை. நடந்தது நடந்துபோச்சு. திருவண்ணாமலைக்காரங்களுக்கு நான் என்னா பதில் சொல்ல?”

எல்லோரும் தீர்த்தம்மாளைப் பார்த்தார்கள். ஒரு வருஷமாகப் பொத்திப்பொத்தி வைத்திருந்த பதில். இப்போது சொன்னால் நடக்கும். ‘அவள் இங்கதான் இருப்பாள்’ என்று சொன்னால் மாது எதிர்த்துப் பேசமாட்டான், அந்த நிலையில்தான் இருந்தான்.

“என்னைக் கேக்காதே. அவளைக் கேளு” என்றாள் தீர்த்தம்மாள்.

பாஞ்சாலி படியிலிருந்து இறங்கி வந்தாள்.

“எனக்கு இப்ப கல்யாணம் வாணாங்கண்ணா. அரூருக்கும் வரலை.”

தீர்த்தம்மாளின் நெஞ்சு ஒருமுறை துள்ளியது. ஒரே முறைதான்.

“இங்கயும் இருக்கலை” என்றாள் பாஞ்சாலி. “ஓசூர்ல கம்பெனி வேலைக்கு ஆளு எடுக்கறாங்க. ஆஸ்டல் இருக்குது. சேரச் சொல்லிட்டாங்க. நாந்தான் நாள் கடத்திக்கிட்டிருந்தேன். இவரை அடக்கம் பண்ணாம எப்பிடிப் போறதுன்னு இருந்துச்சு.” மாமியாரைப் பார்த்தாள். “பண்ணியாச்சு அத்தை.”

தீர்த்தம்மாள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே அடுக்களைக்குப் போனாள். அங்கிருந்துதான் குரல் வந்தது.

“கருவாட்டுக் குழம்பு இருக்குது, களி இருக்குது. ரஹமத் பீவி குடுத்த பிரியாணி இருக்குது. எல்லாரும் கை கழுவிட்டு வாங்க. மாது, நீயும்தான்.”

குரல் நன்றாகவே இருந்தது. முகத்தை யாரும் பார்க்கவில்லை.

ஆனி பிறந்ததும் பாஞ்சாலி ஓசூருக்குப் போனாள். மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிடத் தீர்த்தகிரி கிருஷ்ணகிரி வரை கூடவே போனார். திருவண்ணாமலை மாப்பிள்ளை ஆவணியில் அரூர்ப் பெண் ஒருத்தியையே கட்டிக்கொண்டார். முடித்து வைத்தது கோவிந்தம்மாளின் தங்கை என்பதைக் கோவிந்தம்மாளே தெருவுக்கு அறிவித்தாள். சோஹைலுக்கும் அதே மாதம் நிக்காஹ். மணப்பெண் ஷாஜியாவின் வீட்டார் கிருஷ்ணகிரியில் பெரிய துணிக்கடை வைத்திருப்பதால் மாலுமி மஸ்தான் அங்கே கரையேறிவிட்டான்.

ஆட ஆளில்லாத அருண்குமார் ஞாயிறு தவறாமல் ஓசூர் பஸ் ஏறுகிறான். அங்கே ஆஸ்டல் பெண்கள் நாலு பேரைச் சேர்த்துப் புதுக் கதை தொடங்கியிருப்பதாகச் சொல்கிறான். தெரு நம்பவில்லை.

தை பிறந்த கையோடு மாது மறுபடி வந்தான். இந்த முறை மாப்பிள்ளை படத்தோடு வரவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, அங்கே இங்கே பார்த்துவிட்டு, தங்கச்சிக்குப் பொருத்தம் பார்க்க அருண்குமாருடைய ஜாதகம் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டான்.

தீர்த்தம்மாள் கொடுக்கவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. இதைப் பாஞ்சாலி கேட்கச் சொன்னாளா, இல்லை நீயாகக் கேட்கிறாயா என்று அவனைக் கேட்டாள். மாது மென்று விழுங்கினான்.

அவனை உட்கார வைத்துவிட்டு, பாஞ்சாலியையே கேட்க ஓசூருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டிருந்தது.